ஒரு வயது சுஹைப்

திருவாரூரில் நாகை சாலையை ஒட்டிய ஓர் எலும்பு மருத்துவமனையில் கயல்விழி எக்ஸ்ரே எடுக்கும் வேலைக்குச் சேர்ந்து பத்து நாள்கூட ஆகவில்லை. அதற்குள் அவளுக்கு ஓர் எண்ணின் மேல் பகை வந்துவிட்டது.

ஒவ்வொரு படம் எடுத்து முடித்ததும் கம்ப்யூட்டர் திரையின் வலது மூலையில் அந்த எண் வரும். படத்துக்குத் தேவையான கதிர் சரியாகப் போயிருந்தால் பூஜ்யம். குறைந்தால் கழித்தல், கூடினால் கூட்டல். கூட்டல் மூன்று என்றால் தேவையைப் போல இரண்டு மடங்கு, கூட்டல் ஆறு என்றால் நான்கு மடங்கு. அந்த மருத்துவமனையில் கை, கால், முதுகு எதை எடுத்தாலும் கூட்டல் ஐந்து, கூட்டல் ஆறு என்றே வந்துகொண்டிருந்தது. பழைய படங்களைத் திறந்து பார்த்தாள். தையில் கூட்டல் இரண்டு. சித்திரையில் நான்கு. ஆடியில் ஆறு. யாரோ தண்ணீர் விட்டு வளர்த்த மாதிரி வளர்ந்திருந்தது.

வளர்த்தது யார் என்று கண்டுபிடிக்க அவள் அதிகம் அலையவில்லை. முன்பு அங்கே வேலை பார்த்தவருக்கு டாக்டர் திட்டும்போதெல்லாம் கை தானாகப் பொத்தானுக்குப் போய் ஒரு படி ஏற்றிவிடும் என்று வரவேற்பில் இருக்கும் சபிஹா சொன்னாள். பிலிம் காலத்தில் இது நடக்காது. கதிர் கூடினால் படம் கறுத்துப்போய் எடுத்தவர் குட்டு அங்கேயே வெளிப்பட்டுவிடும். டிஜிட்டலில் கூடிப்போனால் கம்ப்யூட்டரே சரிசெய்து, குளித்துப் பவுடர் போட்ட மாதிரி பளிச்சென்று காட்டும். குறைந்தால்தான் படத்தில் மணல் தூவியது போல் தெரியும், திட்டு விழும். கூட்டியதற்காகத் திட்டு வாங்கியவர் ஒருவரும் இல்லை. கதிரை வாங்கிக்கொண்டு போகும் நோயாளிக்கு அது வலிப்பதுமில்லை.

டாக்டர் திருமுருகன் நல்ல டாக்டர். நாகப்பட்டினத்தில் விசைப்படகு வைத்திருந்த குடும்பம். உடைந்த எலும்பை அவர் சேர்த்து வைத்தால் உடைந்த இடத்தைத் தேட வேண்டியிருக்கும் என்று ஊரில் பேச்சு. குரல் மட்டும் நடுக்கடலில் அடுத்த படகைக் கூப்பிடுகிற குரல். படத்தில் துளி மணல் தெரிந்தாலும் அந்தக் குரல் எக்ஸ்ரே அறையின் ஈயக் கதவைத் தாண்டி உள்ளே வரும்.

பதினோராம் நாள் கயல்விழி துணிந்து அளவைக் குறைத்தாள். அன்றைக்கு வந்தவர் குடவாசல் பக்கத்து அம்சவல்லி. நாற்பது பெண்களை நடவுக்குக் கூட்டிக்கொண்டு போகிறவர், முட்டிவலி. படம் எடுத்தாள். மூலையில் பூஜ்யம். கயல்விழிக்கு அந்தப் பூஜ்யத்தை முத்தமிடலாம் போல இருந்தது.

இரண்டே நிமிடத்தில் குரல் வந்தது.

"கயல்விழி! என்னம்மா இது, நேத்துப் புடிச்ச மீன் கண்ணு மாதிரி கலங்கிக் கெடக்கு? திரும்ப எடு!"

பழைய அளவில் திரும்ப எடுத்தாள். கூட்டல் ஆறு. "இதான் படம்!" என்றது குரல். இரண்டு படத்திலும் தேய்ந்திருந்தது அதே முட்டிதான், அதே இடத்தில்தான்.

அம்சவல்லி மேசையை விட்டு இறங்காமல் கேட்டார். "ஏன் பாப்பா ரெண்டு தடவ? நான் அசைஞ்சுட்டனா?"

"நீங்க அசையலக்கா. மொதப் படமே நல்லாத்தான் இருந்துச்சு. சாருக்கு இன்னும் பளிச்சுன்னு வேணுமாம்."

"பளிச்சுன்னா?"

கயல்விழி ஒரு கணம் யோசித்தாள். அவள் அம்மாவும் கீழ்வேளூர்ப் பக்கம் நடவு நட்டவர்தான். அதனால் வார்த்தை சுலபமாக வந்தது. "ஒரு மூட்ட போதும்ங்கிற வயல்ல நாலு மூட்ட யூரியாவ அள்ளிக் கொட்டினா பயிரு கருகருன்னு நிக்கும்லக்கா? பாக்க அழகா இருக்கும். ஆனா தேவைக்கு மேல போட்டது போட்டதுதானே. அது மாதிரிதான் இந்தக் கதிரும். ஒரு படத்துல ஒண்ணும் ஆயிடாது, பயப்படாதீங்க. தேவையில்லாததை எதுக்குப் போடணும்னுதான் நான் பாக்கறேன்."

அம்சவல்லி பயப்படவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு நேராக டாக்டர் அறைக்குள் போனார்.

"டாக்டரே, எனக்கு எதுக்கு யூரியா போட்டீங்க?"

டாக்டர் சீட்டைப் புரட்டினார். "யூரியாவா? உங்களுக்கு ரத்த டெஸ்ட்டே எழுதலையேம்மா."

"ரத்தத்துல இல்ல, முட்டியில. ஒரு மூட்ட போதும்ங்கிற எடத்துல நாலு மூட்ட போட்டீங்களாமே. பயிருன்னா சாஞ்சு போயிருக்கும். நானா இருக்கவே நிக்கிறேன்."

வெளியே உட்கார்ந்திருந்தவர்களில் மூன்று பேர் எழுந்து வந்து, தங்களுக்கு எத்தனை மூட்டை போட்டிருக்கிறது என்று சபிஹாவிடம் விசாரித்தார்கள்.

கூட்டம் கலைந்ததும் டாக்டர் கயல்விழியைக் கூப்பிட்டார். அதிசயமாகக் குரலைத் தாழ்த்திப் பேசினார். அது கத்துவதைவிடப் பயமாக இருந்தது.

"எங்கிட்ட வர்ற பேஷண்ட்கிட்ட என்னம்மா சொல்லி அனுப்புற?"

"அவங்க கேட்டாங்க சார், சொன்னேன். அந்த நம்பரப் பாருங்க சார். தையிலேருந்து ஏறிக்கிட்டே இருக்கு. நாலு மடங்கு போட்டுக்கிட்டிருக்கோம்."

"முட்டிக்கு ஒரு படம், அதுல போறது அற்பம். விமானத்துல போனாக்கூட கதிர் படுதுங்கறாங்க."

"ஒரு ஆளுக்கு அற்பந்தான் சார். ஒரு நாளைக்கு அறுபது பேரு. முதுகும் இடுப்பும் இருக்கு. சின்னப் புள்ளைங்களும் வர்றாங்க."

"நீ குறைச்சு எடுத்து, மணலுக்குள்ள ஒரு மயிரிழைக் கீறல் ஒளிஞ்சுக்கிட்டு நான் பாக்காம விட்டுட்டேன்னா? அந்த ஆளு நடந்து போயி எலும்ப ரெண்டாக்கிக்கிட்டு வருவான். யாரு பொறுப்பு?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

"ஒண்ணு பண்ணு," என்றார் டாக்டர். "குறைச்ச அளவுல ஒரு கீறல எனக்குக் காட்டு. கண்ணுக்குத் தெரிஞ்சா நான் மாத்திக்கறேன். ஆனா பேஷண்ட் மேல சோதனை பண்ணக் கூடாது."

"பேஷண்ட் இல்லாம கீறலுக்கு எங்க சார் போறது?"

"அது உன் பாடு."

இரண்டு நாள் யோசித்தாள். வியாழக்கிழமை காலை பேருந்து நிறுத்தத்திலிருந்து நடந்து வரும்போது, சுஹைப்பின் மட்டன் ஸ்டாலில் தொங்கிய ஒரு முன்னங்கால் அவளுக்கு வழிகாட்டியது.

"அண்ணே, அந்த முன்னங்கால் முழுசா வேணும். வெட்டாம."

சுஹைப்புக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். இஸ்திரி போட்ட சட்டையில்தான் கடையில் நிற்பார். "சூப்புக்கா தங்கச்சி? நான் பதமா துண்டு போட்டுத் தர்றேன்."

"எக்ஸ்ரே எடுக்கண்ணே."

சுஹைப்பின் முகம் மாறியது. கத்தியைக் கீழே வைத்தார். "எங்க கடை ஆட்டுக்கு நோய்னு யாரு சொன்னா?"

"ஐயோ, நோயெல்லாம் இல்லண்ணே." எல்லாவற்றையும் சொன்னாள். எண், நான்கு மடங்கு, டாக்டரின் சவால், எதையும் விடவில்லை. அவர் பாதி கேட்டதும் தலையாட்ட ஆரம்பித்தார். முழுதும் கேட்டதும் காலை எடுத்துப் பலகையில் வைத்தார்.

"எலும்புல லேசா ஒரு கீறல் மட்டும் விழணும்ணே. உடையக் கூடாது. கத்தியோட பின்பக்கத்தால மெதுவா ஒண்ணு போடுங்க."

"இருபத்திரண்டு வருஷமா இந்தப் பலகையில நிக்கிறேன். ஒரு போடு, ரெண்டு துண்டு. அரகுறையா விட்ட சரித்திரமே இல்ல. நீ என்னய அரகுறையாப் போடச் சொல்ற." தொழிலுக்குத் துரோகம் செய்பவர் போல அரைக்கண்ணை மூடிக்கொண்டு ஒன்று போட்டார். கால் இரண்டானது. பழக்கம் விடவில்லை. அடுத்த காலை எடுத்து, மூச்சைப் பிடித்து, மேளக்காரர் விரலால் தட்டிப் பார்ப்பது போல ஒரு தட்டு. "விழுந்திருக்கும். ஆனா என் கால் எக்ஸ்ரேக்குப் போவுதுன்னா நானும் கூட வருவேன். நாளைக்கு எவனும் என் கடை பேர ஒண்ணும் சொல்லிடக் கூடாது."

மதியம் கூட்டம் ஓய்ந்த நேரத்தில் சுஹைப் ஆட்டுக்காலோடு வந்துவிட்டார். காலை நாலு பிளாஸ்டிக் பையில் சுற்றி மேசையில் வைத்தாள் கயல்விழி. கம்ப்யூட்டர் பெயர் கேட்டது.

"கடான்னு போடட்டுமா?"

"கடாவா? யாரு கடா? என் பேரு இருக்கட்டும். நல்ல ரிசல்ட் வந்தா நம்ம கடைக்குத்தான் பெருமை."

பெயர்: சுஹைப். வயது? "ஒரு வருஷம் ஆவுது," என்றார் சுஹைப். எந்த உறுப்பு என்று கேட்ட இடத்தில் ஆட்டுக்கு வழி வைக்கவில்லை. 'குழந்தை, முன்கை' என்பதுதான் கிட்ட இருந்தது. கைபேசி எண் இல்லாமல் மேலே போகாது என்று கம்ப்யூட்டர் அடம்பிடித்தது. சுஹைப் தன் எண்ணைக் கொடுத்தார்.

அவரை ஈயக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டு ஏழு படம் எடுத்தாள். முதல் படம் அங்கே வழக்கமாகப் போடும் அளவில் எட்டில் ஒரு பங்கு. அது வேண்டுமென்றே குறைத்தது. எங்கே படம் கெடுகிறது என்று தெரிய வேண்டாமா? இரண்டாவது நான்கில் ஒரு பங்கு, மூலையில் பூஜ்யம். அப்படியே படிப்படியாக ஏற்றி ஏழாவது கூட்டல் ஆறு.

"தங்கச்சி, இனிமே இந்தக் கறிய சாப்பிடலாமா?"

"தாராளமா சாப்பிடலாம்ணே. கதிர் உள்ள தங்காது, அந்த நேரத்தோட சரி."

"அப்ப நீயே வச்சுக்க. எனக்குக் கடையில ஆளு நிப்பாங்க," என்று போய்விட்டார். சபிஹா காலைக் கேன்டீன் ஃப்ரிட்ஜில் கொண்டுபோய் வைத்தாள்.

வியாழக்கிழமைகளில் டாக்டர் நாகப்பட்டினத்தில் நோயாளி பார்ப்பார். அவசரக் கேஸ் வந்தால் தெரியவேண்டும் என்பதற்காக, எடுக்கிற படமெல்லாம் தானாக அவர் கைபேசிக்குப் போகும்படி அவரே ஏற்பாடு செய்திருந்தார். கயல்விழிக்கு இது தெரியும். அந்தப் பரபரப்பில் நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

மூன்றாவது படம் வந்தபோதே டாக்டர் நெற்றியைச் சுருக்கினாராம். ஏழாவது வந்ததும் எதிரே உட்கார்ந்திருந்தவரின் மாவுக்கட்டைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்தார். ஒரு வயதுக் குழந்தை. ஒரே கை. ஏழு படம். எக்ஸ்ரே அறைத் தொலைபேசி அலறியது.

"அறிவிருக்கா உனக்கு? ஒரு வயசுப் பச்சப்புள்ளைக்கு ஏழு படமா? கதிரப் பத்தி எனக்கே பாடம் எடுத்தவ நீ!"

"சார், அது வந்து…"

"பேசாத! மொதப் படம் மணலா இருக்கு, ஒத்துக்கறேன். ரெண்டாவதுலயே கீறல் பளிச்சுன்னு தெரியுதே, அதுக்கு மேல அஞ்சு எதுக்கு? யாரக் கேட்டு எடுத்த?"

கயல்விழி ரிசீவரைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி காதில் வைத்தாள். "ரெண்டாவதுலயே தெரியுதா சார்?"

"குருடனுக்கும் தெரியும்! அந்தக் கையில வளர்ச்சியும் சரியில்ல. இப்படி ஒரு எலும்ப நான் பார்த்ததே இல்ல. அந்தப் புள்ளையோட அப்பன்கிட்ட நானே பேசறேன்." வைத்துவிட்டார். கயல்விழி திரும்ப அடித்தாள். அவர் எண் வேறொரு அழைப்பில் இருந்தது.

அந்த வேறொரு அழைப்பு சுஹைப்பின் கடையில் ஒலித்துக்கொண்டிருந்தது.

"ஆஸ்பத்திரியிலேருந்து டாக்டர் பேசறேன். மதியம் எக்ஸ்ரே எடுத்தீங்களே, உங்களுதா?"

"என்னுதுதான் சார். குட்டியிலேருந்து நானே வளர்த்தது," என்றார் சுஹைப், பெருமையாக.

"எப்படி அடிபட்டுச்சு?"

"நான்தான் சார் அடிச்சேன். கத்தியோட பின்பக்கத்தால."

"ஏன்யா அடிச்ச?"

"உங்க எக்ஸ்ரே தங்கச்சிதான் சார் கேட்டுச்சு. மொதல்ல ஒண்ணு ஓங்கிப் போட்டேன், ரெண்டாப் போயிடுச்சு. அப்புறம் வேறொண்ண எடுத்து மெதுவாப் போட்டேன்."

"வேறொண்ணா? இப்ப… இப்ப எங்க இருக்கு?"

"மிச்சமெல்லாம் காலையிலேயே போயிடுச்சு சார். அது ஒண்ணுதான் உங்க ஆஸ்பத்திரியில இருக்கு. கஸ்டமர் நிக்கிறாங்க சார், அப்புறம் பேசறேன்."

டாக்டர் காரை எடுத்தார். குறுவை அறுப்பு நடக்கிற காலம். கீழ்வேளூர் தாண்டியதும் சாலையில் பாதியை நெல் காய்ந்து அடைத்திருந்தது, மீதிப் பாதியில் ஓர் அறுவடை இயந்திரம் ஆடி அசைந்து போய்க்கொண்டிருந்தது. அதன் பின்னால் ஊர்ந்துகொண்டே போலீசுக்குச் சொல்வதா, குழந்தைகள் உதவி எண்ணுக்குச் சொல்வதா என்று யோசித்தார். கயல்விழியின் எண் திரையில் மின்னி மின்னி அடங்கியது. அவர் எடுக்கவில்லை. இனி அவளோடு நேரில்தான் பேச்சு என்று முடிவு செய்திருந்தார்.

அவர் உள்ளே நுழைந்தபோது வரவேற்பில் சபிஹா மட்டும் இருந்தாள்.

"அந்த சுஹைப் கேஸ் எங்க?"

"கேன்டீன் ஃப்ரிட்ஜ்ல வச்சிருக்கோம் சார்."

டாக்டர் நோயாளிகள் உட்காரும் பெஞ்சில் மெதுவாக உட்கார்ந்தார். "யாரு… வைக்கச் சொன்னா?"

"கயல் அக்காதான் சார். வெயிலுக்குக் கெட்டுடும்னாங்க." அவர் முகம் வெளுத்ததைப் பார்த்துச் சபிஹா பதறினாள். "காய்கறிக்குப் பக்கத்துல இல்ல சார், தனித் தட்டுலதான் வச்சிருக்கேன். ஆட்டுக்கால் எங்க வச்சா என்ன சார்?"

"ஆட்டு…?"

"கால் சார்."

அதன் பிறகு அந்தக் குரல் அன்றைக்கு எழும்பவே இல்லை. கயல்விழி ஓடி வந்து நின்றபோது அவர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. இரண்டு நாளாக மனதுக்குள் ஒத்திகை பார்த்த வாதமெல்லாம் அவளுக்கு மறந்துவிட்டது. அந்த முகத்தைப் பார்த்ததும் பாவமாக இருந்தது. "மன்னிச்சுடுங்க சார். படம் உங்க போனுக்கு வரும்ங்கறத மறந்துட்டேன்," என்று மட்டும் சொன்னாள்.

அவர் எழுந்து எக்ஸ்ரே அறைக்குப் போய்ப் பெரிய திரையில் ஏழு படத்தையும் வரிசையாகப் பார்த்தார். இரண்டாவது படத்தில் நின்றார். விரலால் கீறலைத் தொட்டார். மூலையில் இருந்த பூஜ்யத்தைப் பார்த்தார். ஏழாவதுக்குப் போனார். அதே கீறல். திரும்ப இரண்டுக்கு வந்தார்.

"போன்லயே தெரிஞ்சுச்சு எனக்கு," என்றார், தனக்குத்தானே பேசுவது போல. "ஒரு புள்ளைக்கு ஏழு படம்ன உடனே பதறி ஓடி வந்தேம்மா. இங்க வர்ற புள்ளைங்களுக்கு ஒரு படம் எடுத்தாலே நாலு படக் கதிர்னு நீ சொன்னப்ப பதறலையே. ஏன் பதறல?"

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்து, முதல்முறையாகச் சிரித்தார். "எலும்பு வளர்ச்சி சரியில்லன்னு வேற சொன்னேன்ல?"

"ஆமா சார். இப்படி ஒரு எலும்ப பார்த்ததே இல்லன்னீங்க."

"வெளிய சொல்லாத."

திங்கட்கிழமை எல்லோரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். எந்த உறுப்புக்கு எவ்வளவு, ஒல்லிக்கு எவ்வளவு, பருமனுக்கு எவ்வளவு, குழந்தைக்கு எவ்வளவு என்று கயல்விழி ஓர் அட்டவணை எழுதினாள். அவர் அதில் கையெழுத்துப் போட்டுச் சுவரில் ஒட்டச் சொன்னார். போன மாதம் வேறிடத்தில் எடுத்த படம் கையில் இருந்தால் புதிதாக எடுக்க எழுதமாட்டேன் என்றும் சொன்னார். சொல்லிவிட்டு இரண்டு முறை எழுதினார். இரண்டு முறையும் சபிஹா பழைய படத்தை அவர் மேசையில் வைத்துவிட்டு வந்தாள்.

எல்லாம் உடனே நேராகிவிடவில்லை. இரண்டாவது வாரம் நெல் அரவை மில் வைத்திருக்கும் ஒருவர், நூற்றுப் பதினைந்து கிலோ, இடுப்புவலியோடு வந்தார். கயல்விழி அளவைக் குறைத்துப் போட்டுவிட்டாள். கழித்தல் நான்கு. இடுப்பு இருக்கும் இடத்தில் மணல்மேடுதான் இருந்தது. திரும்ப எடுக்க வேண்டியதாயிற்று. தன்னால் ஒருவருக்கு ஒரு படம் வீணானது அவளை அன்று முழுதும் உறுத்தியது. திட்டு வரும் என்று காத்திருந்தாள். டாக்டர் உள்ளே வந்து அட்டவணையைப் பார்த்தார். "பருமனுக்கு மேல இன்னொரு வரி போடு. இந்த மாதிரி ஆளுங்க நம்ம பக்கம் நெறைய," என்றார். குறைப்பது மட்டுமே தன் வேலை இல்லை, சரியாகப் போடுவதுதான் வேலை என்று அவளுக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

ஐப்பசி முடிவில் மாதக் கணக்கு எடுத்தாள். பெரும்பாலான படங்கள் பூஜ்யத்துக்கும் கூட்டல் ஒன்றுக்கும் நடுவில் வந்திருந்தன.

கார்த்திகையில் ஒரு மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி வந்தார். நாகப்பட்டினத்தில் நடந்த டாக்டர்கள் கூட்டத்தில் டாக்டர் திருமுருகன் பேசியதை வரவேற்பில் நின்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். கதிர் அளவைச் சோதிக்க ஆட்டுக்காலை வைத்துப் பார்க்கலாம் என்று டாக்டருக்குத்தான் தோன்றியதாம். டெக்னீஷியன் பெண் தயங்கினாளாம், இவர்தான் தைரியம் சொன்னாராம். தெரியாமல் கைபேசிக்கு வந்த படத்தை, 'இது ஆட்டோட முன்னங்கால்' என்று பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிட்டாராம்.

சபிஹா நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டாள். "அக்கா, நான் உள்ள போயி கேக்கறேன். பெஞ்சுல உக்காந்து தண்ணி குடிச்சது யாராம்?"

கயல்விழிக்கும் சுருக்கென்றுதான் இருந்தது. "கூட்டத்துல என்ன சொன்னாங்க?" என்று பிரதிநிதியிடம் கேட்டாள்.

"நாலு ஆஸ்பத்திரிக்காரங்க உங்க அட்டவணைய கேட்டு வாங்கிட்டுப் போனாங்க மேடம். அவங்க மெஷின்லயும் மூலையில அந்த நம்பர் இருக்காம், இதுவரைக்கும் பாத்ததே இல்லையாம்."

"நாலா?"

"நாலு. ஒருத்தரு ஆட்டுக்காலுக்குப் பதிலா கோழிக்கால் போதுமான்னு கேட்டாரு. சார் கூடாதுன்னுட்டாரு."

கயல்விழி சிரித்தாள். சபிஹாவின் தோளை அழுத்தி உட்கார வைத்தாள். "விடு சபிஹா. சார் இன்னும் நாலு கூட்டத்துல சொல்லட்டும்," என்றாள்.

உள்ளேயிருந்து குரல் கேட்டது. "கயல்விழி! இங்க ஒரு சின்னப் பையன், கை வீங்கியிருக்கு. படம் வேணுமான்னு நீயும் வந்து பாரு!"

அவள் போனாள். அழுத்திப் பார்த்ததில் பையனுக்கு எலும்பில் ஒன்றுமில்லை, குளவி கொட்டியிருந்தது.